சதுப்புக்குள் தெரிந்த முகங்கள்: டோல்கீனும் போரும் – கேள்வி பதில்

முதல் உலகப் போரைப் பார்த்த ஒருவர் ஏன் குட்டி மனிதர்களையும் மோதிரத்தையும் எழுதினார் என்பது பலரையும் குடையும் கேள்வி. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீனை இருபத்தைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவருடைய கடிதத் தொகுப்பு எப்போதும் என் மேசையில் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: நான் படங்களை மட்டும் பார்த்திருக்கிறேன். டோல்கீன் உண்மையிலேயே போர்முனைக்குப் போனவரா, அக்கா? எவ்வளவு காலம் இருந்தார்?

போனவர்தான், தங்கச்சி. 1915இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்பில் தேறிய கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படையில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி. 1916 மார்ச் 22 அன்று எடித்தைத் திருமணம் செய்துகொண்டார். ஜூன் முதல் வாரத்தில் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். இளம் அதிகாரிகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைவியைப் பிரிந்தது ஒரு மரணம் போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

ஜூலை 1 அன்று வட பிரான்ஸில் சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லோரும் சேர்ந்து 57,470 பேர். அதில் இறந்தவர்கள் மட்டும் 19,240. டோல்கீனின் பட்டாலியன் அன்று பின்வரிசையில் இருந்ததால் தப்பியது. இரண்டு வாரம் கழித்து ஓவில்லே என்ற ஊரில் அவரும் களத்துக்குள் இறங்கினார். பிறகு முன்வரிசை, ஓய்வு முகாம், மறுபடி முன்வரிசை என்று மாறி மாறிப் போனது. அக்டோபர் கடைசியில் காய்ச்சல் கண்டு விழுந்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். சீலைப்பேன் கடித்துப் பரவுவது. நவம்பர் 8 அன்று நோயாளிக் கப்பலில் இங்கிலாந்து திரும்பினார். பிரான்ஸில் இருந்தது ஐந்து மாதம்தான். அதன் பிறகு காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால் அவரை மறுபடி அனுப்பவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்: அவர் சிக்னல் அதிகாரி என்று படித்தேன். நானும் சிக்னல்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். அந்தக் காலத்தில் அந்த வேலை எப்படி இருந்தது? அதன் சாயல் கதையில் உண்டா?

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை. வயர்லெஸ் கைக்கு வராத காலம். தொலைபேசிக் கம்பியைத் தரையோடு இழுப்பார்கள். ஷெல் விழுந்து அறுந்துபோகும். இரவில் ஒருவன் ஊர்ந்துபோய் அறுந்த முனையைத் தேடிக் கட்டவேண்டும். கட்டிய கம்பியிலும் எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் முன்வரிசையில் வாய்விட்டுப் பேசவே கட்டுப்பாடு இருந்தது. எனவே கொடி, விளக்கு, மோர்ஸ், புறா, கடைசியில் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடும் ஆள். இத்தனை வைத்துக்கொண்டும் தாக்கப் போன படைக்கு என்ன ஆனது என்று பின்னால் இருப்பவர்களுக்கு மணிக்கணக்கில் தெரியாது.

இப்போது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் யாருக்கும் யாரைப் பற்றியும் தகவல் இல்லை. மோதிரத்தை அழிக்க எதிரியின் நாடான மோர்டாருக்குள் நடக்கும் ஃப்ரோடோவுக்கும் அவன் துணையாள் சாமுக்கும் வெளியே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. வெளியே இருப்பவர்களுக்கு இவர்கள் பிழைத்தார்களா என்று தெரியாது. டெனத்தோர் என்ற ஆட்சியாளரிடம் தூரத்தைக் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அது பொய் காட்டாது. கறுப்புப் பாய் விரித்த கப்பல்கள் ஆற்றில் வருவதைப் பார்க்கிறார். எதிரியின் படை என்று முடிவு கட்டுகிறார். நம்பிக்கையிழந்து தனக்குத் தானே தீ மூட்டிக்கொள்கிறார். அந்தக் கப்பல்களில் வந்தது உதவிக்கு வந்த படை. செய்தி சரி, ஆனால் பாதிச் செய்தி. இதைச் சிக்னல் வேலை பார்த்த ஒருவரின் கொடுங்கனவாகவே நான் வாசிக்கிறேன். டோல்கீன் அப்படிச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள், ஐயா.

இன்னொன்று: தணிக்கையை மீறித் தான் இருக்கும் இடத்தை மனைவிக்குத் தெரிவிக்கக் கடிதங்களில் புள்ளிகளால் ஒரு ரகசியக் குறியீடு வைத்திருந்தார். எடித் சுவரில் வரைபடம் மாட்டி அவர் இருக்கும் இடத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

வாசகர், திருச்சி: நாவலில் ஃப்ரோடோவும் சாமும் கடக்கும் இறந்தவர்களின் சதுப்பு நிலம் அப்படியே சோம் போர்க்களம்தானே? இதில் சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா?

‘அப்படியே’ என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. 1960இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: அந்தச் சதுப்பும் மோர்டாரின் வாசலுக்குப் போகும் வழியும் சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்ஸுக்கு ஓரளவு கடன்பட்டவை, அதைவிட அதிகமாக வில்லியம் மாரிஸ் எழுதிய பழங்காலக் கதைகளுக்குக் கடன்பட்டவை. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களே அதிகம். இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படித்தால்தான் ஓர் எழுத்தாளரின் மனம் வேலை செய்யும் விதம் பிடிபடும். கண்ணால் பார்த்ததும், சிறுவயதில் விரும்பிப் படித்ததும் ஒரே குழம்பில் கொதிக்கின்றன. காய் எது, புளி எது என்று பிரித்தெடுக்க முடியாது.

ஆனால் அந்தப் பக்கங்களை நிதானமாக வாசியுங்கள். இருட்டு. கால் வைத்தால் புதையும் நிலம். சாம் தடுக்கி விழுகிறான், முகம் தண்ணீருக்கு அருகே போகிறது, உள்ளே முகங்கள். கொடியவை, உன்னதமானவை, சோகமானவை. வெள்ளிக் கூந்தலில் பாசி படர்ந்த அழகிய முகங்கள். எல்லாம் அழுகியவை. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிந்த இரு தரப்பும் இப்போது ஒரே நீரில் கிடக்கின்றன. சோமில் ஷெல் விழுந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அதில் இரு நாட்டுப் பிணங்களும் கிடந்தன. நண்பனா எதிரியா என்று அந்தத் தண்ணீர் கேட்கவில்லை.

என்னை உலுக்குவது அடுத்த வரிதான். தான் ஒரு முறை அவர்களைத் தொட முயன்றதாகவும் கைக்கு எட்டவில்லை என்றும் அவர்களுக்கு வழிகாட்டி வரும் கோல்லம் சொல்கிறான். பார்க்கலாம், தொட முடியாது. இறந்துபோன நண்பர்கள் நினைவில் இருப்பது அப்படித்தான். சோமின் சேற்றைப் படம் பிடித்தவர்கள் பலர். இந்த வரியை எழுத இடையில் இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

பள்ளி ஆசிரியர், ஈரோடு: அவருடைய நண்பர்களைப் பற்றிச் சொல்லுங்கள். தலைமுறையே அழிந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பர்மிங்ஹாமில் கிங் எட்வர்ட்ஸ் பள்ளியில் நால்வர் நெருக்கம்: டோல்கீன், கிறிஸ்டோபர் வைஸ்மன், ராப் கில்சன், ஜெஃப்ரி பாச் ஸ்மித். பள்ளி நூலகத்தில் திருட்டுத்தனமாகத் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு கவிதையும் பழங்கதையும் பேசிய பிள்ளைகள். உலகத்துக்குத் தாங்கள் ஏதோ சொல்லப் பிறந்தவர்கள் என்று உண்மையாகவே நம்பினார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள்.

கில்சன் ஜூலை 1, முதல் நாளிலேயே இறந்தார். செய்தி டோல்கீனுக்குச் சில வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. பதுங்குகுழியிலிருந்து ஓய்வு முகாமுக்கு வந்திருந்த நேரம். இரண்டு இரவுகள் தொடர்ந்து காட்டுக்குள் போய்த் தனியே உட்கார்ந்து யோசித்ததாக ஸ்மித்துக்கு எழுதினார். ஏதோ ஒன்று உடைந்துவிட்டது என்றும் எழுதினார். அந்த ஸ்மித் டிசம்பர் 3 அன்று போனார். களத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது ஷெல் சிதறல் பட்டது. காயம் அழுகிச் சில நாட்களில் இறந்தார்.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஓர் இரவு ரோந்துக்குக் கிளம்பும் முன் ஸ்மித் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் இன்று இறந்தாலும் தான் கனவு கண்டதைச் சொல்ல நம்மில் ஒருவர் மிஞ்சுவார் என்பதுதான் ஆறுதல். நான் சொல்ல முயன்றவற்றை, நான் இல்லாமற்போன நெடுங்காலத்துக்குப் பிறகும் நீ சொல்வாயாக. இதுதான் சாரம். இருபத்து நாலு வயதுப் பையனான டோல்கீனின் தோளில் இந்தக் கடிதம் ஏறியது. 1918இல் ஸ்மித்தின் கவிதைகளைத் தொகுத்து முன்னுரை எழுதி வெளியிட்டார். ஆனால் ‘சொல்வாயாக’ என்ற அந்தக் கடன் ஒரு தொகுப்போடு தீர்ந்திருக்காது. 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று தன் பெரிய நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், ஐம்பது ஆண்டு கழித்தும் எழுதுகிறார். மிஞ்சிய அந்த ஒருவர் வைஸ்மன். தன் மூன்றாவது மகனுக்குக் கிறிஸ்டோபர் என்ற பெயரை அவர் நினைவாகத்தான் வைத்தார்.

வாசகி, சென்னை: பதுங்குகுழிக்குள் உட்கார்ந்தே கதை எழுதினார் என்கிறார்களே?

கம்பளிப்பூச்சி போல் ஒடுங்கி, பேனுக்கும் அழுக்குக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவன் எதை எழுதுவது? பிற்காலத்தில் அவரே இதை மறுத்தார். உறையின் பின்புறம் எதையாவது கிறுக்கிச் பின்பையில் திணிக்கலாம், அவ்வளவுதான் என்றார். ஆனால் 1944இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அழுக்குக் கேண்டீன்களிலும் கூடாரத்தின் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும், சில பகுதிகள் ஷெல்லடிக்கு நடுவே நிலவறையிலும்கூட எழுதப்பட்டன என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கிறுக்கியது அங்கே, கதையாக்கியது மருத்துவமனையிலும் விடுப்பிலும். எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரின் மறைந்த நகரம் ஒன்று அழியும் கதையைத்தான் முதலில் எழுதினார். அந்த நகரத்தைத் தாக்க இரும்பாலும் வெண்கலத்தாலும் செய்த பாம்புருவங்கள் வருகின்றன. சிலவற்றின் வயிற்றுக்குள் படைவீரர்கள். 1916 செப்டம்பர் 15 அன்றுதான் சோமில் டாங்கி முதன்முதலாகக் களமிறங்கியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வாசகர், மதுரை: மோதிரம் என்பது அணுகுண்டுதானே? கதையின் பெரிய எதிரியான சௌரான் என்றால் ஹிட்லர்?

இல்லை. மோதிரத்தின் கதையைச் சொல்லும் அத்தியாயம், 1939இன் நிழல் தவிர்க்க முடியாத பேரழிவின் அச்சுறுத்தலாக மாறுவதற்கு வெகு முன்பே எழுதப்பட்டது என்று முன்னுரையில் தெளிவாகச் சொல்கிறார். இரண்டாம் உலகப் போரை மனதில் வைத்து எழுதியிருந்தால் மோதிரத்தை அழித்திருக்க மாட்டார்கள், கைப்பற்றிப் பயன்படுத்தியிருப்பார்கள் என்றும் எழுதினார். இதற்கு இது என்று பொருத்தும் உருவகக் கதைகள் அவருக்குப் பிடிக்காது. வாசகர் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதை மட்டும் வரவேற்றார்.

வாசகர், தஞ்சாவூர்: சாம்தான் உண்மையான கதாநாயகன் என்பேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

முழுமனதோடு. 1914 போரில் தான் அறிந்த சாதாரணச் சிப்பாய்களின், அதிகாரிகளுக்குத் துணையாக இருந்த ஆர்டர்லிகளின் பிரதிபலிப்பே சாம் என்றும், அவர்கள் தன்னைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்று உணர்ந்ததாகவும் டோல்கீன் சொல்லியிருக்கிறார். சாமின் மூட்டையைப் பாருங்கள். சமையல் பாத்திரங்கள், உப்பு. கயிறு எடுத்துவர மறந்துவிட்டோமே என்று வழியெல்லாம் நொந்துகொள்கிறான். மோர்டாரில் அந்தப் பாத்திரங்களை வீசி எறியவேண்டி வரும்போது அவனுக்கு அழுகை வருகிறது. சுமை தூக்கிப் பழகியவர்களோடு பழகாத ஒருவரால் இதை எழுத முடியாது.

ஆய்வு மாணவர், புதுச்சேரி: எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கதையில் சௌரானின் படையாக வரும் ஓர்க்குகள் என்ற பெயரில் எதிரியை மனிதனே இல்லை என்று ஆக்கிவிடுகிறார். இது போர்க்காலப் பிரச்சாரத்தின் பழக்கம் அல்லவா?

வலுவான மறுப்பு, இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஓர்க்குகள் விஷயத்தில் அவர் கடைசிவரை தெளிவுக்கு வரவில்லை. அவற்றின் பிறப்பைப் பற்றி மாற்றி மாற்றி எழுதினார். ஆனால் நிஜப் போரில் ஓர்க்குகள் இரு தரப்பிலும் உண்டு என்று 1944இல் மகனுக்கு எழுதினார். மகன் அப்போது விமானப்படையில் இருந்தார்.

கதைக்குள்ளும் ஓர் இடம் இருக்கிறது. சாம் முதன்முதலாக மனிதனும் மனிதனும் போரிடுவதைப் பார்க்கிறான். தென்தேசத்து வீரன் ஒருவன் அம்பு பட்டு அவன் காலடியில் வந்து விழுகிறான். முகம் குப்புறக் கிடக்கிறது. ஒடிந்த வாளின் பிடியை அந்தக் கை இன்னும் விடவில்லை. இவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யும் மிரட்டலும் இவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் இழுத்து வந்தன, அங்கேயே நிம்மதியாக இருக்கத்தான் விரும்பியிருப்பானோ என்று சாம் நினைக்கிறான். பிரச்சாரம் எழுதுபவர் இந்தப் பத்தியை அடித்துவிட்டிருப்பார்.

வாசகி, கோயம்புத்தூர்: வேறு எழுத்தாளர்கள்? பெண்கள் யாரும்?

நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் தன் பத்தொன்பதாம் பிறந்தநாளில் போர்முனைக்கு வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரலில் காயம்பட்டார். நண்பர் டோல்கீனின் நாவலுக்கு மதிப்புரை எழுதியபோது, இந்தப் போர் எங்கள் தலைமுறை கண்ட போரின் அதே தன்மை கொண்டது என்றார். பார்த்தவர் தரும் சாட்சி அது. பெண்களில், பின்லாந்தின் எழுத்தாளர் தூவே யான்சன் போர்முனைக்குப் போகாதவர். சகோதரர் படையில் இருந்தார். 1939 குளிர்காலத்தில், சோவியத் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, மூமின் கதைகளின் முதல் வரிகளை எழுதத் தொடங்கினார். முதல் நூலில் அப்பாவைக் காணவில்லை, ஊரெங்கும் வெள்ளம். அம்மாவும் பிள்ளையும் தேடி அலைகிறார்கள். இரண்டாம் நூலில் வால்நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது. குழந்தைகளுக்கான கதைதான். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சிய ஒரு நகரத்திலிருந்து வந்தது.

வாசகர், காரைக்குடி: தமிழில்?

மிகைபுனைவாக (ஃபேன்டசியாக) அல்ல, ஆனால் போரை உடம்பால் அறிந்து எழுதியவர் என்றால் ப. சிங்காரம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தோனேசியாவின் மெடானில் இருந்தவர். ‘புயலிலே ஒரு தோணி’யில் நாயகனின் மனம் போர்க்காலத் தீவுகளிலிருந்து சட்டென்று மதுரைத் தெருக்களுக்கும் பழம்பாடல்களுக்கும் தாவிவிடுகிறது. அந்தத் தாவல் இந்தப் பேச்சுக்கு வெகு அருகில் நிற்பது.

வாசகர், சேலம்: ஃப்ரோடோ ஜெயித்த பிறகும் ஏன் ஊரில் தங்கவில்லை? சிறுவயதில் அந்த முடிவு எனக்குக் கோபத்தைத் தந்தது.

எனக்கும் தந்தது. இப்போது அதுதான் நூலின் உச்சம் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6 வந்தால் ஃப்ரோடோவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. கத்திக் குத்து வாங்கிய நாள் அது. மார்ச் 13 வந்தாலும் அப்படியே. சிலந்தி கடித்த நாள். வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. ஊர் அவனை அவ்வளவாகக் கொண்டாடவும் இல்லை. ஊரைக் காப்பாற்ற முயன்றேன், அது காப்பாற்றப்பட்டும் விட்டது, ஆனால் எனக்காக அல்ல என்று சாமிடம் சொல்கிறான். தேதி தவறாமல் திரும்பிவரும் வலியை மருத்துவச் சொற்கள் எதுவும் இல்லாமல், இரண்டு நாட்காட்டிக் குறிப்புகளால் சொல்லிவிட்டார். போருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் வீட்டில் இருந்தால், அவரிடம் இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள்.

வாசகி, டொரண்டோ: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஒன்பது வயதில், 1995 இடம்பெயர்வில் ஊரை விட்டு வந்தோம். அதற்கு முன் பல இரவுகள் பங்கருக்குள்தான். ஷெல் விழும்போது, ‘மேலே பூதம் உரல் இடிக்கிறது, இடித்து முடித்ததும் போய்விடும்’ என்று அம்மம்மா சொல்வார். நான் எழுத விரும்புவது மிகைபுனைவு. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாமல் பூதத்தையும் மந்திரத்தையும் எழுதினால், தப்பி ஓடுகிறாய் என்று என் ஆட்களே சொல்கிறார்கள். எனக்கே சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

தங்கை, உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை வாசித்தேன்.

இதே குற்றச்சாட்டை டோல்கீனும் கேட்டார். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையை விரிவாக்கிப் பின்னர் வெளியிட்ட கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. சிறையில் இருப்பவன் வெளியேறி வீட்டுக்குப் போக நினைப்பதும், போர்முனையை விட்டு ஒருவன் ஓடுவதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்புகிறீர்கள் என்றார். சிறைக்குள் இருப்பவன் சுவரையும் காவலரையும் தவிர வேறு எதையாவது பேசினால் அதில் என்ன தவறு என்றும் கேட்டார். தேவதைக் கதைகளின் மீதான தன் ரசனையை மொழியியல் விழிக்கச் செய்தது, போர் அதற்கு முழு உயிர் தந்தது என்று சொன்னதும் அதே கட்டுரையில்தான்.

சாட்சியம் எழுதுவோர் எழுதத்தான் வேண்டும். பெயர், தேதி, இடம் தவறாமல் எழுதப்பட வேண்டியவை ஏராளம் இருக்கின்றன. அந்த வேலைக்கு மாற்று இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது வேறு சரக்கு. பங்கரின் கூரை அதிர்ந்து மண் உதிரும்போது ஒரு கிழவி ஒரு குழந்தைக்குச் சொன்ன வாக்கியம் அது. அதை மட்டும் கழித்துவிட்டு எழுதினால், அந்த இரவு அங்கே இருந்தவர்களுக்கு எப்படி இருந்ததோ அப்படி இருக்காது. உங்களுக்கு அன்று பூதம் நிஜம். நடந்ததை நடந்தபடி எழுது என்பவர்களிடம், இதுவும் நடந்தது என்று சொல்லுங்கள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூதத்தை ராணுவத்துக்கோ இயக்கத்துக்கோ அடையாளமாக வைத்துவிடாதீர்கள். வைத்த மாத்திரத்தில் அது செத்துவிடும், வாசகர் விடுகதையை அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அது பூதமாகவே இருக்கட்டும். பங்கரின் ஈர மண் வாடை, மேலே அடுக்கிய பனங்குற்றிகள், யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கட்டும். சதுப்பில் முகங்களைக் காட்டும் முன் சாமின் கால் தடுக்குவதைக் காட்டுகிறார் டோல்கீன்.

அந்த உரலில் பூதம் எதை இடித்தது என்று அம்மம்மா எப்போதாவது சொன்னாரா? சொல்லவில்லை என்றால் முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.